வீட்டினுள் கிளிக்குஞ்சைப் பறக்கப் பழக்குதல்

வீட்டில் வளரும் இளங்கிளி எழும்பவும், திரும்பவும், நினைத்த இடத்தில் இறங்கவும் கற்றுக்கொள்ள வளர்ப்பவர் செய்யும் உதவியே பறக்கப் பழக்குதல் ஆகும். சிறகடித்து எழும்புவது கிளிக்கு இயல்பாகவே வருகிறது. வளைந்து திரும்புவதும், வேகத்தைக் குறைத்து இறங்குவதும் பழகப் பழகத்தான் வருகின்றன. வீட்டில் இளங்கிளிகள் அடிபடுவது பெரும்பாலும் இறங்கத் தெரியாத அந்த முதற்சில வாரங்களில்தான்.

எந்தக் கிளியை வளர்க்கலாம்?

தாமிரபரணிக் கரையில் உள்ள ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் பனைகளும் மிகுதி. உச்சி முறிந்து பட்டுப்போன மொட்டைப் பனைகளின் பொந்துகளில் பச்சைக்கிளிகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. இக்கிளியின் நூற்பெயர் செந்தார்ப் பைங்கிளி. பொந்திலிருந்து குஞ்சை எடுத்துவந்து கூண்டில் வளர்ப்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் பழக்கம். ஆனால் அது சட்டப்படி குற்றமாகும்.

இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972, நாட்டின் இயல் கிளியினங்களைப் பிடிப்பதையும் விற்பதையும் வளர்ப்பதையும் தடை செய்கிறது. 2022இல் திருத்தப்பட்ட இச்சட்டத்தில் செந்தார்ப் பைங்கிளி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு திரைப்பட நடிகரின் வீட்டிலிருந்து இரண்டு பெரிய பைங்கிளிகளை வனத்துறையினர் மீட்டுக் கிண்டி சிறுவர் பூங்காவில் சேர்த்தனர். வளர்த்தவருக்கு 2.5 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

ஆகவே இக்கட்டுரையில் கூறப்படும் முறைகள் வெளிநாட்டு இனக் கிளிகளுக்கே உரியவை. கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் பட்ஜி, காக்டெயில், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவை அவற்றுள் அடங்கும். சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள இனங்களை வளர்ப்போர், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்ய வேண்டும். சாம்பல் கிளி இப்பட்டியலில் உள்ளது. பட்ஜியும் காக்டெயிலும் இதில் இல்லை.

பறக்கும் பருவம்

பட்ஜி, காக்டெயில் குஞ்சுகள் ஏறத்தாழ ஐந்து வாரத்திலும், சாம்பல் கிளிக்குஞ்சு ஏறத்தாழ பன்னிரண்டு வாரத்திலும் பறக்க முயல்கின்றன. முதலில் குஞ்சு நின்ற இடத்திலேயே கால்களை ஊன்றிக்கொண்டு சிறகுகளை வேகமாக அடிக்கும். மார்புத் தசைகள் உறுதிப்படும் காலம் இது. சில நாள்களில் திடீரென எழும்பிவிடும். அன்றைக்குள் அறை ஆயத்தமாக இருக்க வேண்டும்.

பறக்கத் தொடங்கிய குஞ்சு தானே உண்ணப் பழகிவிட்டது என்று பொருளல்ல. இயற்கையில் கூட்டை விட்டு வெளிவந்த பின்னும் பெற்றோர் சில வாரங்கள் இரை ஊட்டுகின்றன. எனவே கையால் ஊட்டி வளர்ப்பவர்கள் இக்காலத்தில் ஊட்டுவதை நிறுத்தக் கூடாது. பட்டினி போட்டுப் பழக்குவதும் தவறு.

அறையை ஆயத்தப்படுத்துதல்

நடுவில் வானம் பார்த்த முற்றம் உள்ள பழைய வீடுகளில், நான்கு பக்கமும் அடைபட்ட உள்ளறை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன்பின் கவனிக்க வேண்டியவை:

• மின்விசிறியை நிறுத்திவிட்டு, அது முழுதும் நின்ற பிறகே கிளியை வெளியே விட வேண்டும். விசிறியில்லாமல் அறை வெக்கையாகிவிடும் என்பதால் காலையும் மாலையும் ஏற்ற நேரங்கள்.
• கண்ணாடிச் சன்னலும் நிலைக்கண்ணாடியும் கிளிக்குத் திறந்த வெளியாகத் தோன்றும். அவற்றைத் துணியாலோ திரையாலோ மூட வேண்டும்.
• கம்பிச் சன்னல்களின் இடைவெளியில் சிறிய கிளி எளிதில் நுழைந்துவிடும். கொசுவலை அடிப்பது நல்லது.
• வாளி, அண்டா, நீர்த்தொட்டி ஆகியவற்றுக்கு மூடி தேவை. நீரில் விழுந்த குஞ்சால் எழும்ப இயலாது.
• அடுப்பு எரியும்போது கிளியைச் சமையலறைப் பக்கம் விடக் கூடாது. ஒட்டாத பூச்சுப் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வெளிவரும் புகை பறவைகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவர்த்தி, ஊதுபத்திப் புகையும் அவற்றின் நுரையீரலுக்குத் தீங்கானவை.
• பூனையும் நாயும் அறைக்குள் வரக் கூடாது. கதவைத் தாழிட்டு, பயிற்சி நடப்பதை வீட்டாருக்குச் சொல்லிவிட வேண்டும்.

பயிற்சி முறை

வேம்பு அல்லது கொய்யாக் கிளையால் செய்த இரு தாங்கிகளை மார்பளவு உயரத்தில் ஓர் அடி இடைவெளியில் வைக்க வேண்டும். வழவழப்பான குழாயைவிடச் சொரசொரப்பான கிளையில் இளங்கால்கள் நன்றாகப் பற்றும். ஒரு தாங்கியில் கிளியை அமர்த்தி, மற்றதன் அருகில் தினையையோ சூரியகாந்தி விதையையோ காட்டி, எப்போதும் ஒரே சொல்லால் அழைக்க வேண்டும். அது தயங்காமல் தாவத் தொடங்கியபின் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஒரு வேளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதுமானது.

பறக்கட்டும் என்று குஞ்சை மேலே தூக்கி எறிவது கூடாது. நிலைதடுமாறி விழுந்தால் நெஞ்செலும்பு காயப்படும். கிளிக்குக் கையின் மீதுள்ள நம்பிக்கையும் போய்விடும். அலகைத் திறந்து மூச்சுவாங்கினாலோ, சிறகுகளை உடலிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டாலோ அது களைத்துவிட்டது என்று அறிந்து நிறுத்த வேண்டும்.

மேலிருந்து கீழே இறங்குவதே இளங்கிளிக்கு மிகவும் கடினம். அலமாரியின் உச்சியில் ஏறிக்கொண்டு அது கத்தினால், துரத்தாமல் கையைச் சற்றுக் கீழே நீட்டி அழைக்க வேண்டும். மாடிப்படியின் தாழ்ந்த படிகளில் இருந்து இறங்கப் பழக்கினால் இந்த அச்சம் குறையும்.

சிறகு வெட்டுதல்

பறந்து போய்விடும் என்ற பயத்தில் சிலர் பறக்கும் முன்பே குஞ்சின் சிறகிறகுகளை வெட்டிவிடுகின்றனர். இதனால் தசை வளர்ச்சியும் உடற்சமநிலையும் குன்றுகின்றன. எழும்ப முயன்று கல்லைப் போல விழும் கிளி அச்சம் மிகுந்ததாக வளரும். வெட்டிய இறகு, இறகுதிர்ந்து புதிதாக முளைக்கும் வரை வளராது. மேலும் வெட்டியது பாதுகாப்பும் அன்று. சில இறகுகள் முளைத்துவிட்டாலே பலத்த காற்று கிளியைத் தூக்கிச் சென்றுவிடும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து பலமாகக் காற்று வீசும் தூத்துக்குடி மாவட்டத்தில் இதை மறக்கக் கூடாது.

வெளியே பறந்துவிட்டால்

தப்பிய கிளி பெரும்பாலும் அருகிலுள்ள உயரமான மரத்தில் அமரும். இறங்கத் தெரியாததால் அங்கேயே இருக்கும். அதன் கூண்டைத் திறந்த நிலையில் மரத்தடியில் வைத்து, பழகிய சொல்லால் அழைக்க வேண்டும். கல்லெறிந்தால் இன்னும் தொலைவு போய்விடும். இருட்டிவிட்டால் மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு விடியுமுன் அங்கே செல்ல வேண்டும். பசித்த கிளி காலையில் அழைப்புக்கு இணங்குவது உண்டு. வீட்டில் பழக்கிய அந்த ஒரு சொல்லின் பயன் அப்போதுதான் தெரியும்.

தரையில் கிடக்கும் பச்சைக்கிளிக் குஞ்சு

பனையடியில் சிறகு முளைத்த பச்சைக்கிளிக் குஞ்சைக் கண்டால், அது அனாதை என்று எண்ணி வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது. அதுவும் பறக்கப் பழகும் குஞ்சாகவே பெரும்பாலும் இருக்கும். நாயும் பூனையும் எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகி நின்றால் பெற்றோர் வந்து இரை ஊட்டும். காயம்பட்டிருந்தாலோ, இறகே முளைக்காமல் இருந்தாலோ வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். எங்கே இரை கிடைக்கும், வல்லூறு வந்தால் எப்படி ஒளிவது, எந்த மரத்தில் அடைவது என்பவற்றை அக்குஞ்சு தன் கூட்டத்தோடு பறந்தே கற்கிறது. வீட்டு அறையில் மனிதர் அதைக் கற்பிக்க முடியாது.