ஆதாரின் கடைசி இலக்கம் எதற்குச் சாட்சி?

2024 அக்டோபர் 1-க்கு முன் ஆதாருக்கு விண்ணப்பித்து, அப்போது கிடைத்த பதிவு எண்ணை மட்டும் கொடுத்துப் பான் அட்டை வாங்கியவர்கள் ஆதாரை இணைக்க டிசம்பர் 31, 2025 கடைசி நாளாக இருந்தது. தாராபுரத்திலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் வாசகர்கள் பலர் ஒரே கேள்வியை எழுதியிருக்கிறார்கள்: ஆதார் எண்ணை அடித்ததும் திரை ஏற்றுக்கொள்கிறது, பிறகு இணைப்பு ஏன் நிராகரிக்கப்படுகிறது?

திரை முதலில் பார்ப்பது எண்ணின் அமைப்பை மட்டும்தான். ஆதார் எண் எந்த ஒழுங்கும் இல்லாத குலுக்கல் எண் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். முதல் 11 இலக்கங்களுக்கு அது சரி. 12-ஆவது, முந்தைய பதினொன்றை வைத்துக் கணக்கிட்டுச் சேர்க்கப்படுவது.

அந்தக் கணக்கை 1969-இல் வெளியிட்டவர் நெதர்லாந்தின் யாகோபஸ் வெர்ஹூஃப். எண்களை அடிப்பவர்கள் அதிகம் செய்யும் பிழைகள் இரண்டு: ஓர் இலக்கத்தைத் தவறாக அடிப்பது, அடுத்தடுத்த இரண்டை இடம் மாற்றி அடிப்பது. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் இரண்டாவது பிழை சிக்காது. 58, 85 இரண்டுக்கும் கூட்டுத்தொகை 13. வங்கி அட்டைகளுக்கான லூன் முறையிலும் 09 என்பது 90 ஆனால் தப்பிவிடும்.

வெர்ஹூஃப் கூட்டலையே கைவிட்டார். ஓர் ஐங்கோண அட்டையை வெட்டி, மூலைகளில் கடிகாரச் சுற்றில் 1 முதல் 5 வரை எழுதுங்கள்; பின்பக்கமும் அந்தந்த மூலையில் அதே எண். 1 உச்சியில் இருக்கட்டும். கடிகாரச் சுற்றில் ஒரு மூலை சுழற்றி, பிறகு இடவலமாகப் புரட்டினால் உச்சியில் 5 நிற்கும். முதலில் புரட்டி, பிறகு சுழற்றினால் 2 நிற்கும். வரிசை மாறினால் விடை மாறுகிறது. ஐங்கோணத்துக்கு இப்படிப் பத்து அசைவுகள் உண்டு. 0 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒன்று. சுழற்சிகளுக்குள் மட்டும் வரிசை மாறினாலும் விடை மாறாது. அந்த ஓட்டையை அடைக்க, இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதை வேறோர் இலக்கமாக மாற்றும் அட்டவணையையும் சேர்த்தார். இரண்டு வகைப் பிழைகளும் ஒன்றுவிடாமல் சிக்கின. அருமையான கணிதம்.

கவலை இதற்கு அப்பால்தான். ஆதார் எண் 0, 1-இல் தொடங்காது. ஆகவே இந்தச் சோதனையில் தேறும் எண்கள் 8,000 கோடி. வழங்கப்பட்டவையோ சுமார் 140 கோடி. தேறும் எண்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆளே இல்லை. திரையில் வரும் பச்சைக் குறியை ‘சரிபார்ப்பு’ என்று சொல்வது மிகை. கைப்பிழை இல்லை என்பதற்கு மேல் அது எதையும் காட்டாது.

அப்படியானால் நிராகரிப்பு எதனால்? பெயர், பிறந்த தேதி, பாலினம் இரு ஆவணங்களிலும் ஒத்துப்போகாததால். நம்மூரில் பெரும்பாலும் இனிஷியலால்.

எண்ணில் ஊரோ வயதோ தெரியுமா? தெரியாது.

கடைசி இலக்கம் ரகசியமா? இல்லை, யாரும் கணக்கிடலாம்.

கெடு தவறியிருந்தால்? பான் செயலிழந்திருக்கும்.

மறுபடி மறுபடி எண்ணை அடித்துப் பார்க்காதீர்கள். இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, எது தவறோ அதை முதலில் திருத்துங்கள்.