மெலனோமாவும் ஆய்வுகூடத்தின் சாட்சிகளும்

மெலனோமா எனப்படும் தோற் புற்றுநோய் வெள்ளையருக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் எம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. வெளிறிய தோலுடையோரையே அது அதிகம் பீடிக்கின்றது என்பது உண்மையே. ஆயினும் கரிய மேனியரை அது முற்றாக விட்டுவைப்பதில்லை. அவர்களிடத்தில் அது பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தின் அடியிலுமே தோன்றுகின்றது. ஜமெய்க்காவின் பாடகர் பொப் மார்லியின் கால்விரல் நகத்தின் கீழ் 1977ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட மெலனோமா, 1981 மே மாதத்தில் தமது 36ஆவது வயதில் அவர் இறப்பதற்குக் காரணமாயிற்று.

உள்ளங்காலிலுள்ள கறுப்புப் புள்ளியை எவர்தான் பொருட்படுத்துகின்றனர்? தொடையிடுக்கில் கட்டியொன்று தோன்றிய பின்னரே வைத்தியரை நாடுவோரும் உளர். அக்கட்டியினுள் மெல்லிய ஊசியைச் செலுத்தி உறிஞ்சியெடுக்கப்படும் சில துளிகளே ஆய்வுகூடத்தைச் சென்றடைகின்றன. அவற்றில் கபில நிற மெலனின் துணிக்கைகள் காணப்படின் நோயியல் நிபுணரின் பணி இலகுவாகும். ஆனால் சில மெலனோமாக்கள் நிறப்பொருளை உற்பத்தி செய்வதேயில்லை. அப்போது அக்கலங்கள் நிணநீர்ப் புற்றுநோய் போலவோ, உள்ளுறுப்பொன்றிலிருந்து பரவிய புற்றுநோய் போலவோ தோற்றமளிக்கும். நோயின் பெயர் மாறினால் மருந்தும் மாறும். தவறான பெயருக்குக் கொடுக்கப்படும் மருந்து உடலை வாட்டுமேயன்றி நோயைத் தீண்டாது.

இவ்விடத்திலேயே அடையாளப் புரதங்கள் சாட்சிகளாக அழைக்கப்படுகின்றன. உறிஞ்சியெடுத்த கலங்களைத் திரட்டி மெழுகுக் கட்டியாக்கி, மெல்லிய சீவல்களாக வெட்டி, குறித்த புரதத்துடன் மாத்திரம் பிணையும் பிறபொருளெதிரிகளை அவற்றின் மீது இடுவர். புரதம் இருப்பின் அவ்விடம் நிறமேறும். வழக்கமாகப் பயன்படுத்தப்படும் சாயம் கபில நிறமானது. மெலனினும் கபில நிறமே! எனவே நிறப்பொருள் மிகுந்த மாதிரிகளுக்குச் சிவப்புச் சாயத்தைப் பல ஆய்வுகூடங்கள் பயன்படுத்துகின்றன.

சாட்சிகள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. 1965ஆம் ஆண்டு மாட்டின் மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட எஸ்-100 மிகப் பெரும்பாலான மெலனோமாக்களில் காணப்படுகின்றது. ஆயின் நரம்புறைக் கட்டிகளிலும், நிணநீர்க்கணுவிலுள்ள சில சாதாரண கலங்களிலும் அது உண்டு. எச்.எம்.பி.-45, மெலன்-ஏ என்பன கூடுதலாக நம்பத்தக்கவை; எனினும் சிலவகை மெலனோமாக்களில் அவை மௌனம் சாதிக்கும். பின்னர் வந்த சொக்ஸ்-10 கலத்தின் கருவிலேயே நிறமேறுவதால் வாசிப்பதற்கு இலகுவானது. ஆயினும் அதுவும் நரம்புறைக் கட்டிகளில் தோன்றுவதுண்டு. ஆகவே ஒன்றை மட்டும் நம்பாது, இவற்றுட் சிலவற்றையும், ஏனைய புற்றுநோய்களைக் காட்டும் சைற்றோகெரற்றின், சீ.டி.-45 போன்றவற்றையும் ஒருங்கே சோதிப்பதே முறையாகும்.

இவ்வடையாளங்கள் கலத்தின் குலத்தைச் சொல்லுமேயன்றிக் குணத்தைச் சொல்வதில்லை என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். தீங்கற்ற மச்சத்தின் கலங்களும் மெலன்-ஏயினால் நிறமேறும். அது புற்றுநோயா என்பதைக் கலத்தின் தோற்றத்தையும் அது இருந்த இடத்தையும் நோயாளரின் வரலாற்றையும் கொண்டு மனிதரே தீர்மானிக்க வேண்டியுள்ளது.

பிறபொருளெதிரிகள் விலை கூடிய இறக்குமதிப் பொருட்கள். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் மருந்துகளுக்கே நாம் பட்ட பாட்டை மறந்துவிட முடியாது. ஊசியால் எடுத்த கலங்களும் சொற்பம். பல சோதனைகளுக்கு அவை போதாமற் போகலாம். எதனை முதலில் தேடுவது என்பதை மாதிரியுடன் அனுப்பப்படும் விண்ணப்பப் படிவமே பெரிதும் நிர்ணயிக்கின்றது. அதில் 'தொடையிடுக்கில் கட்டி' என்று மாத்திரம் எழுதப்படுவதற்கும், 'சில வருடங்களுக்கு முன் உள்ளங்காலில் மச்சம் அகற்றப்பட்டது' எனவும் சேர்த்து எழுதப்படுவதற்கும் இடையே பெரும் வேறுபாடுண்டு. மெலனோமா பல வருடங்கள் கழித்தும் தலைதூக்கும் இயல்புடையது. அகற்றிய மச்சத்தின் பழைய அறிக்கையைக் கிளினிக் கொப்பியுடன் வைத்திருந்து, கட்டியைக் காட்டச் செல்லும் நாளில் கேளாமலேயே வைத்தியரிடம் நீட்டுவது நோயாளராலும் அவரது வீட்டாராலும் இயலக்கூடிய காரியமே.