துருப்பிடித்த நட்டைக் கழற்றும் முன்

மழைக்காலம் முடிந்து வண்டியைப் பட்டறையில் விடுகிறவர்களிடம் இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். சைலன்சர் நட்டு துருவேறி இறுகியிருக்கும். மெக்கானிக் எண்ணெய் ஸ்ப்ரேயை அடித்த கையோடு ஸ்பேனரில் பைப்பை மாட்டி மிதிப்பார். போல்ட் முறியும். அதைத் துளைபோட்டு எடுக்கும் கூலியும் மரை வெட்டும் கூலியும் வண்டிக்காரர் தலையில் விழும். அவரும் பில்கூட வாங்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வருவார். அவசரம் ஒரு தவறு, பில் வாங்காதது இன்னொரு தவறு.

இரும்பு துருவாகும்போது பருமன் கூடும். அது மரைகளுக்கிடையே அடைத்துக்கொள்வதால்தான் நட்டு அசைவதில்லை. எண்ணெய் அந்த நுண்ணிய இடுக்குகளில் தானாக இறங்கும்; ஆனால் அதற்கு நேரம் வேண்டும். முதலில் கம்பி பிரஷ்ஷால் வெளித்துருவைத் தேய்த்து எடுங்கள். நட்டும் போல்ட்டும் சேரும் இடத்தில் எண்ணெய் விட்டு, சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். குறைந்தது கால் மணி நேரம் பொறுங்கள். மோசமாக இறுகியிருந்தால் இடையிடையே எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். பிறகு கச்சிதமாகப் பொருந்தும் ஆறு மூலை பாக்ஸ் ஸ்பேனரால் முதலில் துளி இறுக்கி, அப்புறம் தளர்த்துங்கள். அசைய ஆரம்பித்ததும் ஒரே மூச்சில் கழற்றாமல், முன்னும் பின்னுமாகத் திருப்பி எடுங்கள்.

எண்ணெய் அடித்த இடத்தில் தீ காட்டாதீர்கள். இவ்வகை ஸ்ப்ரேக்களில் பெரும்பாலானவை எளிதில் தீப்பற்றும். சூடேற்றித்தான் ஆக வேண்டுமென்றால் சூடு முதலில். நன்றாக ஆறிய பிறகே எண்ணெய். பட்டறையில் நிற்கும் ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வு எவ்வளவு இறுகியிருந்தாலும் அதில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது. அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் எண்ணெய் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வீட்டு கேஸ் சிலிண்டர் வால்வு இறுகினால் ஏஜென்சியைக் கூப்பிடுங்கள். கசிவு என்றால் உடனே 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

பிரேக் டிஸ்க்கிலோ ஷூவிலோ எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது. அடிக்கும்முன் துணியால் மூடுங்கள். வீல் நட்டைத் திரும்ப மாட்டும்முன் மரையில் உள்ள எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். வழுக்கும் மரையில் வழக்கமான அளவுக்கு முறுக்கினாலே போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

பக்குவமாகக் கழற்றினாலும் பழைய போல்ட் முறியலாம். அது எப்போதும் மெக்கானிக்கின் குற்றமல்ல. அதனால்தான் வேலை தொடங்கும்முன் பேச வேண்டும். முறிந்தால் செலவு யாருடையது என்று கேட்டு ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். நட்டைக் கழற்றும்முன் ஒரு படம் எடுங்கள். முறிந்த துண்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை.

கவனக்குறைவால் சேதம் என்றால் முதலில் பட்டறைக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். தீரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பில், ஜாப் கார்டு, படங்கள், புகாரின் நகல் நான்கையும் இணையுங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

சொன்னதையே மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் இந்த இரண்டைத்தான் எல்லோரும் காற்றில் பறக்கவிடுகிறார்கள்: எண்ணெய் அடித்த இடத்தில் தீ காட்டாதீர்கள், பில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.