இடுப்பில் கரண்ட் வைத்தால் தசை வலுக்குமா?

இடுப்பு வலி என்று பிசியோதெரபிக்குப் போகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது, “கரண்ட் வைப்பீங்களா?” என்பதுதான். கரண்ட் வைத்ததும் வலி குறைகிறது. தசை வலுவாகிவிட்டது என்று நினைத்து உடற்பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். வலி குறைவதும் தசை வலுப்பதும் வேறு வேறு.

இரண்டு கரண்ட், இரண்டு வேலை

‘டென்ஸ்’ கருவி தோலடி நரம்புகளைத் தூண்டுகிறது. எறும்பு ஊர்வது போல இருக்கும். வலி உணர்வு சிறிது நேரம் மட்டுப்படும், அவ்வளவுதான். தசையை வலுப்படுத்தும் கருவி வேறு. அது தசைக்குச் செல்லும் நரம்பைத் தூண்டி, தசையைக் கண்ணுக்குத் தெரியும்படி இறுக வைக்கும். தசை இறுகாவிட்டால் வலுவும் ஏறாது.

அப்படி இறுகும் தசைக்கு ஓய்வும் வேண்டும். கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பணியாற்றிய ஜகதீஷ் சந்திர போஸ், தசை, செடி, உலோகம் மூன்றையும் தூண்டி, எழும் மின் எதிர்வினைகளை ஒப்பிட்டு 1902இல் நூல் வெளியிட்டார். தொடர்ந்து தூண்டினால் எதிர்வினை தளர்வதையும், ஓய்வுக்குப் பின் மீள்வதையும் அதில் காட்டினார். நாமாகத் தசையை இயக்கும்போது எளிதில் களைக்காத இழைகள் முதலில் வேலை செய்யும். கரண்ட் அந்த வரிசையைப் பார்ப்பதில்லை. தசை சீக்கிரம் களைத்துவிடும். சோவியத் விளையாட்டு விஞ்ஞானி யாகோவ் கோட்ஸ் 1970களில் வகுத்த முறையில் 10 விநாடி கரண்ட், 50 விநாடி ஓய்வு என்று பத்து முறைதான்.

இடுப்பில் என்ன சிக்கல்?

முதுகெலும்புக் கணுக்களை நிலையாகப் பிடித்திருக்கும் முக்கியமான தசை ‘மல்டிஃபிடஸ்’. வலி வந்தால் இது இளைக்கும். வலி தீர்ந்த பிறகும் பலருக்குத் தானாகத் தேறுவதில்லை. இதன் உள்ளடுக்குகள் ஆழத்தில் இருக்கின்றன. தோல்மேல் ஒட்டும் எலக்ட்ரோடின் கரண்ட், கொழுப்பையும் மேல்தசைகளையும் கடந்து அங்கே போதிய அளவு எட்டுவது கடினம்.

அதனால்தான் உடலுக்குள் பொருத்தும் ‘ரியாக்டிவ்8’ என்ற கருவி வந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் இதற்கு அனுமதி கொடுத்தது. தினம் இரண்டு வேளை, அரைமணி நேரம் வீதம், தசைக்கான நரம்பை இது தூண்டும். 204 பேரிடம் நடந்த சோதனையில், முதல் நான்கு மாதத்தில் சிகிச்சைப் பிரிவுக்கும் ஒப்பீட்டுப் பிரிவுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. சாதாரண இடுப்பு வலிக்கானது அல்ல இது. வேறு சிகிச்சைகள் பலிக்காத நீண்டகால வலிக்கு.

அப்படியானால் என்ன செய்வது?

2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட இடுப்பு வலிக்கு டென்ஸை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. முறையான உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, முட்டிபோட்டுக் கைகளை ஊன்றி ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டுவது போன்றவை ஆழத் தசைக்கும் வேலை கொடுக்கும். தசையை இயக்கவே வராதவருக்குக் கரண்ட் தொடக்க உதவியாக அமையலாம். அப்போதும் கரண்ட் தசையை இறுக்கும் நேரத்தில் நாமும் சேர்ந்து இறுக்கிப் பழக வேண்டும்.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் கரண்ட் வைக்கக் கூடாது. வைக்கும் இடத்தில் புற்றுநோய், புண், மரத்துப்போன தோல் உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, கால் பலமிழப்பது ஆகியவை அவசர அறிகுறிகள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இடுப்பு வலிக்குச் சிகிச்சை தேடுகிறவர் கொல்கத்தாவில் இருந்தால், அங்கேயே நல்ல இடங்கள் உண்டு. பான் ஹூக்ளியில் 1978இல் தொடங்கிய மத்திய அரசின் இயக்கக் குறைபாட்டு நிறுவனத்தில் பிசியோதெரபிப் பட்டப்படிப்பும் சிகிச்சையும் ஒரே வளாகத்தில் உள்ளன. எங்கே போனாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இந்தக் கரண்ட் வலிக்கா, தசைக்கா? இதோடு வீட்டில் நான் செய்ய வேண்டிய பயிற்சி எது? இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலைத் தினமும் செய்கிறவரின் இடுப்புதான் வலுப்பெறும்.