அடிக்கக் கை ஓங்கும் முன்

வருடக்கணக்கில் வாசல் கதவைப் பிறாண்டி வெளியே கூட்டிப்போகச் சொன்ன நாய், தெருமுனைக் கம்பத்தைத் தவிர வேறெங்கும் காலைத் தூக்காத நாய், ஒரு நாள் காலை ஹால் நடுவே குளம் கட்டி வைத்திருக்கிறது. உடனே வீட்டில் எழும் பேச்சு நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ‘செல்லம் கொடுத்துத் திமிர் ஏறிப் போச்சு.’ ‘நேத்து கல்யாணத்துக்கு விட்டுட்டுப் போனோம்ல, அந்தக் கோபம்.’ அப்புறம் மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்ப்பார்கள். செய்தித்தாளைச் சுருட்டி ஒரு அடி. ராத்திரிக்குப் பால்கனியில் கட்டு.

நாய் பழிவாங்குவதற்காகச் சிறுநீர் கழிப்பதில்லை. திட்டும்போது அது காதை மடக்கி முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்து, ‘செஞ்ச தப்பு தெரியுது பாரு’ என்கிறோம். நம் குரலுக்கும் முகத்துக்கும் பயந்துதான் அது அப்படி ஒடுங்குகிறது. எப்போதோ ராத்திரி நடந்ததையும் இப்போது விழும் அடியையும் அதனால் முடிச்சுப் போட முடியாது. இவர்கள் கண்ணெதிரே போனால் அடி விழும் என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும். பிறகு சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகும். எத்தனை தடவை போகிறது, எவ்வளவு போகிறது, என்ன நிறம் என்று மருத்துவர் கேட்கும்போது நம்மிடம் பதில் இருக்காது.

நன்றாகப் பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் போனால் முதலில் உடம்பைச் சந்தேகிக்க வேண்டும். குணத்தைச் சந்தேகிப்பது, பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு.

எங்கள் குடியிருப்பில் ஒரு லாப்ரடார் இருக்கிறது. பெண். கருத்தடை ஆபரேஷன் ஆகிப் பல வருடம். பகலில் ஒரு சொட்டு சிந்தாது. தூங்கி எழுந்தால் மட்டும் படுத்த விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். எழுந்த நாய் அந்த ஈரத்தை மோந்து பார்க்கும், பின்தொடையை நக்கும், பிறகு எங்கிருந்து வந்தது என்று புரியாததுபோல் தள்ளிப் போய் நிற்கும். படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய எந்த நாயும் விரும்பாது. அதனால் படுக்கை நனைவதே ஒரு தடயம். கருப்பையையும் சினைப்பையையும் எடுத்த பிறகு ஈஸ்ட்ரஜன் குறைகிறது. சிறுநீர் வெளியேறும் குழாயை இறுக்கிப் பிடிக்கும் தசை சில நாய்களுக்குத் தளர்ந்துபோகிறது. விழித்திருக்கையில் தெரியாத தளர்ச்சி, அசந்து தூங்கும்போது கசிவாக வெளிப்படும். பெரிய உடம்புள்ள இனங்களில் இது அதிகம். ஆபரேஷன் ஆன சில மாதங்களிலும் வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம். ஃபினைல்புரோபனோலமைன், ஈஸ்ட்ரியால் போன்ற மருந்துகளைக் கால்நடை மருத்துவர்கள் இதற்குக் கொடுக்கிறார்கள். பெரும்பாலான நாய்களுக்கு நல்ல பலன் உண்டு. அந்த லாப்ரடாருக்கும் மாத்திரைதான் தீர்வாக இருந்தது. அதற்கு முன் அது பல இரவுகள் பால்கனியில் கட்டிக் கிடந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. இதற்குப் பயந்து கருத்தடையைத் தவிர்க்கத் தேவையில்லை. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு ஹீட் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் பிடிக்கலாம். அப்போதும் தண்ணீர் நிறையக் குடிக்கும், நிறையப் போகும், சாப்பாட்டை ஒதுக்கும், வாந்தி எடுக்கும். அது உயிருக்கே ஆபத்தான நிலை. அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும்.

விழித்திருக்கும்போதே ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குந்தி, கொஞ்சம் கொஞ்சமாகப் போய், பிறப்புறுப்பை ஓயாமல் நக்கிக்கொண்டிருந்தால் அநேகமாகச் சிறுநீர்ப்பையில் கோளாறு: கிருமித்தொற்று, இல்லாவிட்டால் கல். பெண் நாய்க்குக் குழாய் குட்டை என்பதால் தொற்று சுலபமாக ஏறும். சில வகைக் கற்கள் தனி உணவாலும் மருந்தாலும் கரையும். கால்சியம் ஆக்சலேட் கல் கரையாது. டால்மேஷன் இனத்துக்குப் பிறவியிலேயே யூரிக் அமிலச் சிக்கல் உண்டு, அந்தக் கல் வேறு வகை. போன தடவை வாங்கி மீந்த ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். அரைகுறை மருந்தில் கிருமி அடங்கியதுபோல் இருந்துவிட்டு, அடுத்த முறை அதே மருந்துக்கு மசியாமல் போகலாம்.

ஆண் நாய் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படியுங்கள். ஆண் நாயின் குறிக்குள் ஒரு எலும்பு இருக்கிறது. குழாய் அந்த எலும்பை ஒட்டிப் போகும் இடம் குறுகல். பையிலிருந்து இறங்கும் கல் அங்கே வந்து மாட்டிக்கொள்ளும். நாய் காலைத் தூக்கும், முக்கும், ஒரு சொட்டு விழும் அல்லது அதுவும் விழாது. ‘மலச்சிக்கல் போல’ என்று விளக்கெண்ணெய் புகட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. உள்ளே பை உப்பிக்கொண்டே போகும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு தடுமாறும். இரண்டொரு நாளில் உயிர் போய்விடும். முக்கியும் சிறுநீர் வராத நாயை ராத்திரி இரண்டு மணியானாலும் கொண்டுபோக வேண்டும்.

குளம் பெரிதாகவும் தண்ணீர்போல வெளிறியும் இருந்தால் பார்வையைத் தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கம் திருப்புங்கள். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தை அளந்தால் போதும். எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 10 கிலோ நாய் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, அட்ரினல் சுரப்பி மிகையாகச் சுரக்கும் குஷிங் நோய் எல்லாம் இப்படித்தான் தலைகாட்டும். தோல் அரிப்புக்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோனும் தாகத்தைக் கிளப்பிவிடும். வீட்டை நனைக்கிறதே என்று தண்ணீரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதான நாய்க்கு அந்தத் தண்ணீர்தான் உயிர்.

காபி டிகாஷன் நிறத்தில் போனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உண்ணி கடித்து உள்ளே போகும் பபீசியா என்ற ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பதால் வரும் நிறம் அது. காது மடலிலும் விரல் இடுக்கிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், ஈறு வெளுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வயதான நாய்க்குப் பல சமயம் பையில் ஒரு கோளாறும் இருக்காது. இடுப்பு வலியில் எழுந்து கதவு வரை வருவதற்குள் முட்டிவிடும். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் பின்னங்கால் சறுக்கும் நாய், எழுவதையே ஒத்திப்போடும். படுக்கையிலிருந்து வாசல் வரை ரப்பர் மேட் விரித்ததும் சரியான நாய்கள் இருக்கின்றன. மூட்டு வலிதானே என்று நாம் போடும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். அவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மருத்துவரிடம் போகும்போது முடிந்தால் காலையில் போகும் முதல் சிறுநீரைப் பிடித்துக்கொண்டு போங்கள். நீளக் குச்சியில் ஒரு பழைய குழிக்கரண்டியைக் கட்டி, நாய் போக ஆரம்பித்த பிறகு பின்பக்கமிருந்து மெல்ல நீட்ட வேண்டும். முதலிலேயே நீட்டினால் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும். சுத்தமான டப்பாவில் மூடி, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது. தாமதமானால் ஃபிரிட்ஜில் வைக்கலாம். தனியார் கிளினிக் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்குச் சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது; நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு.

துடைக்கும்போது கையுறை போடுங்கள். மழைக்காலத்தில் எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீர் மூலம் நாய்க்கு வரும் லெப்டோஸ்பைரோசிஸ், அதன் சிறுநீர் வழியாக நமக்கும் தொற்றும். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர்மேல் நேராகக் கொட்டினால் நெடி கிளம்பி மூச்சை அடைக்கும். முதலில் பழைய துணியால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, என்சைம் கலந்த கிளீனரைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். நம் மூக்குக்கு எட்டாத மிச்ச வாடையும் நாய்க்கு எட்டும். நோய் குணமான பிறகும் அதே மூலையைத் தேடிப் போகிறது என்றால், பெரும்பாலும் அந்த மூலையை இன்னொரு தடவை கழுவ வேண்டியிருக்கும்.