மில் கேட்டில் ஒலிக்கும் உருது

கோவைப் பஞ்சாலைகளின் கேட் மீட்டிங்குகளில் "இன்குலாப் ஜிந்தாபாத்" கேட்காத தொழிலாளி இருக்க முடியாது. பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் தலைமுறை தலைமுறையாக எழுந்த அந்த முழக்கத்தைக் கேட்டால் பகத் சிங்தான் நினைவுக்கு வருவார். ஆனால் அதை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று பெயர் பெற்றவர் ஓர் உருதுப் பத்திரிகை ஆசிரியர், மௌலானா ஹஸ்ரத் மோகானி.

உத்தரப் பிரதேசம், உன்னாவ் மாவட்டத்து மோகான் ஊர்க்காரர். அலிகாரில் பட்டம் வாங்கிய கையோடு, 1903-இல், 'உர்தூ-எ-முஅல்லா' இதழைத் தொடங்கினார். 1908-இல் எகிப்தில் ஆங்கிலேயர் போக்கைச் சாடும் பெயரில்லாக் கட்டுரை ஒன்று அதில் வந்தது. எழுதியது யார் என்று போலீஸ் குடைந்தது. மோகானி காட்டிக்கொடுக்கவில்லை; பழியைத் தாமே சுமந்து ராஜத்துரோக வழக்கில் சிறை போனார். அபராதத்துக்காக அவர் சேர்த்து வைத்திருந்த புத்தகங்கள் ஏலம் போயின. சிறையில் கோதுமை அரைக்க வைத்தார்கள். கோவை மத்தியச் சிறைக்கு வ.உ.சி. வந்து செக்கிழுத்ததும் அதே 1908-இல்தான். பேனா பிடித்தவருக்குத் திரிகை, கப்பல் விட்டவருக்குச் செக்கு!

அரசியலிலும் அதே பிடிவாதம். 1921 அகமதாபாத் காங்கிரஸில் முழு விடுதலை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். காந்தி எதிர்த்தார், தீர்மானம் தோற்றது. எட்டு ஆண்டு கழித்து, லாகூரில் காங்கிரஸே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.

1925 டிசம்பரில் கான்பூரில் நடந்த முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கு வரவேற்புக் குழுத் தலைவர் மோகானி. மாநாட்டுத் தலைவர் நம் சிங்காரவேலர். அந்தச் சிங்காரவேலர்தான் பிறகு பெரியாரின் 'குடி அரசு' இதழில் எழுதியவர், 1932-இல் சுயமரியாதை இயக்கத்தின் சமதர்மத் திட்டமான ஈரோட்டுத் திட்டம் உருவாகத் துணை நின்றவர். கொங்கு மண்ணுக்கும் மோகானிக்கும் இடையே ஓர் ஆள்தான் தூரம்.

காங்கிரஸ், கம்யூனிஸ்ட், முஸ்லிம் லீக் என்று எல்லா வாசலிலும் நுழைந்தவர், எதிலும் அடங்கவில்லை. ஹஜ் போனவர், கண்ணன் மீது கவிதையும் எழுதினார். ('நிக்காஹ்' படத்தில் குலாம் அலி பாடிய புகழ்பெற்ற கஜலும் இவருடையதே.) கட்சிக்காரராக அவர் தேறவில்லை என்றே சொல்வேன், மனதில் பட்டதை எந்தக் கூட்டத்திலும் சொல்லிவிடும் பத்திரிகைக்காரர் கடைசிவரை அவருக்குள் இருந்தார். பிரிவினைக்குப் பின்னும் இந்தியாவிலேயே தங்கினார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தும் அரசியலமைப்புச் சட்டத்தில் கையெழுத்திட மறுத்தார். 1951 மே 13 அன்று லக்னோவில் காலமானார்.