காற்பந்து விதிகளின் தொடக்க வரலாறு

இன்றைய காற்பந்தாட்ட விதிகள், இங்கிலாந்தின் காற்பந்துச் சங்கம் 1863ஆம் ஆண்டில் தொகுத்த 13 விதிகளிலிருந்து வளர்ந்தவை. காற்பந்து ரக்பியிலிருந்து பிறந்தது எனச் சிலர் கருதுவர். உண்மையில் இவ்விரண்டும் இங்கிலாந்துப் பள்ளிகளில் ஆடப்பட்ட பழைய பந்து விளையாட்டுகளிலிருந்து பிரிந்தவை. எனினும், இன்று ரக்பிக்கே உரியனவாகத் தோன்றும் பல கூறுகள் தொடக்ககாலக் காற்பந்தில் இருந்தன.

பின்னணி

அக்காலத்தில் ஒவ்வொரு பள்ளியும் தனக்கென விதிகளைக் கொண்டிருந்தது. ரக்பி பள்ளி மாணவர்கள் 1845இல் தம் விதிகளை எழுதி வைத்தனர். வெவ்வேறு பள்ளிகளிலிருந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு வந்த மாணவர்கள் 1848இல் பொது விதிகளை வகுத்தனர். வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவர் 1823இல் பந்தைக் கையில் எடுத்து ஓடியதால் ரக்பி உருவானது என்னும் கதைக்குத் தக்க சான்று இல்லை.

பிரிவு

காற்பந்துச் சங்கம் 1863 அக்டோபர் 26 அன்று இலண்டனில் தொடங்கப்பட்டது. அதன் முதல் வரைவு, பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதையும் எதிராளியின் காலில் உதைப்பதையும் அனுமதித்தது. பின்னர் இவை நீக்கப்பட்டதால் பிளாக்ஹீத் கழகம் சங்கத்திலிருந்து விலகியது. 1871இல் ரக்பி ஒன்றியம் உருவானபோது அக்கழகம் அதில் இணைந்தது. ஆனால், எதிராளியின் காலில் உதைப்பதை ரக்பி ஒன்றியமும் அதே ஆண்டில் தடை செய்தது.

1863 விதிகளில் இருந்த ரக்பிச் சாயல்கள்

* பந்துக்கு முன்னால் நிற்கும் தன் அணி ஆட்டக்காரருக்குப் பந்தை அனுப்ப இயலாது.
* பறந்து வரும் பந்தைக் கையால் பிடித்தவர், எதிரணியின் இடையூறின்றி அதை உதைக்கலாம்.
* எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் சென்ற பந்தை முதலில் தொட்ட அணிக்கு, கோலை நோக்கி உதைக்கும் வாய்ப்புக் கிடைக்கும்.
* கோலுக்குக் குறுக்குக் கம்பம் இல்லை; கம்பங்களுக்கு இடையே எந்த உயரத்தில் பந்து சென்றாலும் அது கோலாகும்.

பிற்கால மாற்றங்கள்

1866இல் பந்தைப் பிடிக்கும் உரிமை நீக்கப்பட்டது. அதே ஆண்டில், எதிரணிக் கோல் கோட்டுக்கும் தனக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருந்தால் ஆட்டக்காரர் பந்துக்கு முன்னால் நிற்கலாம் என்றானது. இதனால் முன்னோக்கிப் பந்தை அனுப்பும் ஆட்டமுறை வளர்ந்தது. மூவர் என்பது 1925இல் இருவராகக் குறைக்கப்பட்டது. 1871 விதிகள் கோல் காவலருக்கு மட்டும் கையால் பந்தைத் தொட இசைவளித்தன. குறுக்குக் கம்பம் 1882இல் கட்டாயமானது.

இந்தியாவில்

இரு விளையாட்டுகளும் 'ஃபுட்பால்' என்றே அழைக்கப்பட்டதற்குக் கல்கத்தா ஃபுட்பால் கிளப் சான்றாகும். 1874இல் அது ரக்பி ஒன்றியத்தில் சேர்ந்தது. சில ஆண்டுகளில் கலைக்கப்பட்டபோது, கழகத்தின் வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கல்கத்தா கோப்பை செய்யப்பட்டது. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அக்கோப்பைக்காக ரக்பி ஆடி வருகின்றன. மீண்டும் தொடங்கப்பட்ட கழகமோ, பின்னாளில் காற்பந்துக்கு மாறியது.